ஒரு விரற்கடைக் களிமண்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு முறை எழுதியிருக்கிறேன். அது அவருக்கு நல்லதாக முடியவில்லை.

மலேசியாவில், பூச்சோங்கில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் இருந்த மண் பரிசோதனைக் கூடத்தில் அவர் டெக்னீஷியன். கிள்ளானிலிருந்து தினமும் ஒரு பழைய கஞ்சில் காரில் வருவார். நாற்பதை ஒட்டிய வயது. கூடத்தில் அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நான் திருச்சியில் படித்துவிட்டு வொர்க் பெர்மிட்டில் அங்கே போய்ச் சேர்ந்த இன்ஜினியர். அவர் தரும் எண்களை வைத்துக் கணக்குப் போட்டு ரிப்போர்ட் எழுதுவது என் வேலை.

சேர்ந்த மறுநாள் காலை என் மேஜைக்கு வந்து நின்றார். கையில் ஒரு மண் டின்.

"பசியாறிட்டீங்களா மிஸ்?"

அந்தச் சொல்லை நான் அதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை. காலைச் சாப்பாட்டைக் கேட்கிறார் என்று புரிந்ததும், "ஆச்சுக்கா" என்றேன். அவர் போகவில்லை. டின்னின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு அதே குரலில், கொஞ்சமும் கூட்டாமல் குறைக்காமல், மறுபடி கேட்டார்.

"பசியாறிட்டீங்களா?"

"இல்லக்கா" என்றேன்.

தன் பையிலிருந்து ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை எடுத்து என் கீபோர்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்த இரண்டாவது கேள்விதான். எதையும் முதல் பதிலோடு விட மாட்டார். ஏர்கான் ரிப்பேர் செய்ய வந்தவர், "ஓகே அக்கா, இனிமே ப்ராப்ளம் இல்ல" என்பார். இவர் அவருக்கு ஒரு டம்ளர் தே ஓ, பால் சேர்க்காத டீ, கொடுத்து உட்காரவைத்து, அதைக் குடித்து முடிக்கும் தறுவாயில், "இனிமே ப்ராப்ளம் இல்லலா?" என்பார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி ஏணியில் ஏறுவார். இதில் குறும்போ கண்டிப்போ இருக்காது. மற்றவர்களுக்கு எரிச்சலாக இருந்தது உண்டு. எனக்கும் சில நாள் இருந்தது.

ஒரு நாள் மதியம், "வீட்டுல எல்லாம் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றேன். மறுபடி கேட்டார். நான் கூடத்தின் நடுவிலேயே அழுதுவிட்டேன். மறுநாள் திருச்சியில் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. பெர்மிட் புதுப்பிக்க என் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தார்கள். அது திரும்பி வரும்வரை நான் நாட்டைவிட்டு நகர முடியாது. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அவர் லீவு போட்டார். நான் தங்கியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து, என்னை ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போய், ஃபோனை மேஜையின் நடுவில் வைக்கச் சொன்னார். நான்கு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. அதனால் களிமண்ணைப் பற்றிப் பேசினார்.

கடைக்காரர் கழுவி அடுக்கியிருந்த இலைக்கட்டிலிருந்து ஏழெட்டு இலைகளைக் கேட்டு வாங்கி வந்து மேஜையில் வைத்தார். "மணல்ன்றது பட்டாணி மாதிரி மிஸ். ஒண்ண ஒண்ணு இடிச்சிக்கிட்டு நிக்கும். களிமண்ணு அப்படி இல்ல. இந்த மாதிரி எல தான். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன எல. நடுவுல தண்ணி." மேலிருந்த இலையை ஒரு விரலால் தள்ளினார். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போய் என் மடியில் விழுந்தது. "புதுசா கலைஞ்சு கெடக்கறப்ப எல எல்லாம் குறுக்கும் நெடுக்குமா இருக்கும், அதனால கொஞ்சம் புடிச்சிக்கும். தள்ளத் தள்ள எல்லாம் ஒரே பக்கமா படுத்துக்கும். அப்புறம் புடிப்பே இருக்காது."

நான் எம்.டெக்கில் இதைப் படித்திருந்தேன். இலையைத் தொட்டுப் படித்ததில்லை. அதை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அம்மாவின் ஃபோன் வந்தது. அப்பாவை வெளியே கொண்டுவந்துவிட்டார்களாம், நன்றாக இருக்கிறாராம். அக்கா எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, "இப்ப சாப்பிடலாம்" என்றார். அன்றிலிருந்து என்னை மிஸ் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். 'வாம்மா', 'போம்மா'தான்.

மண்ணை அவர் சோதிப்பதிலும் இந்தக் குணம்தான் இருந்தது. எங்கள் கூடத்தில் ஒரு இயந்திரம் உண்டு. இரண்டு பாதியாகப் பிரிந்த சிறிய பித்தளைப் பெட்டி. அதற்குள் மண்ணை வைத்து, மேலே எடை ஏற்றி, கீழ்ப்பாதியை மெதுவாக இழுக்க வேண்டும். மண் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று இயந்திரம் சொல்லும். எந்தச் சரிவுவரை அது வழுக்காமல் தாங்கும் என்பதை அந்த எதிர்ப்பை வைத்துக் கணக்கிடுவோம். மற்ற டெக்னீஷியன்கள் ஒரு முறை இழுத்து, வந்த உச்சத்தைக் குறித்துக்கொண்டு முடித்துவிடுவார்கள். பெரும்பாலான மண்ணுக்கு அது போதும். களிமண் என்றால் அக்கா விட மாட்டார். பெட்டியைத் திரும்பத் தள்ளி, மறுபடி இழுத்து, மறுபடி தள்ளி, எண் இறங்கி இறங்கி இனிமேல் இறங்காது என்று நிற்கும்வரை நாள்கணக்கில் ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் குங்குமத்தோடு வந்து இயந்திரத்தைத் திருப்பிவிட்டுப் போவார். முடிந்ததும் பெட்டியைத் திறந்து எனக்குக் காட்டுவார். உள்ளே போகும்போது சாதாரணமாக மங்கிக் கிடந்த மண், நடுவில் பிரிந்த இடத்தில் கண்ணாடி போலப் பளபளக்கும். கூரையிலிருந்த டியூப் லைட் அதில் தெரியும்.

இன்னொன்றும் செய்வார். கொஞ்சம் மண்ணை எடுத்து முன்பற்களுக்கு நடுவில் வைத்து மெல்லக் கடிப்பார். மணல் கலந்திருந்தால் நறநறவென்று இருக்கும், சுத்தக் களிமண் என்றால் வெண்ணெய் மாதிரி இருக்கும் என்பார். வெளியிலிருந்து வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொள்வார்.

நான் சேர்ந்து மூன்றாவது வருடம் ரவாங் பக்கத்தில் ஒரு குன்றுக்கான வேலை வந்தது. குன்றின் அடிவாரத்தை வெட்டிச் சாலை போட்டு, அதன் கீழே அடுக்குமாடி வீடுகள் கட்டப்போகிறார்கள். குன்று முழுக்கப் பாறை. நாற்பது இடங்களில் துளை போட்டுப் பாறையை உருளை உருளையாக வெளியே எடுத்திருந்தார்கள். பார்ப்பதற்கு நானும் அக்காவும் போனோம்.

தார்ப்பாயின் கீழே மரப்பெட்டிகளில் பாறைத் துண்டுகளை வரிசையாக அடுக்கிவைத்திருந்தார்கள். எல்லாம் திடமான, நல்ல பாறை. நான் படம் எடுத்துக்கொண்டே போனேன். அக்கா நல்ல பாறையைப் பார்க்கவே இல்லை. பெட்டிகளில் துண்டு இல்லாமல் வெறுமையாக இருந்த இடங்களையே பார்த்துக்கொண்டு போனார். ஏழெட்டுப் பெட்டிகளில் ஒரு சாண், அரைச் சாண் அளவுக்கு இடைவெளி இருந்தது.

துளை போட்ட இந்தோனேசியக்காரரிடம், இங்கே இருந்தது எங்கே என்று மலாயில் கேட்டார்.

"லெம்பேக், காக். ஆயிர் பாவா லாரி" என்றார் அவர். மெத்தென்று இருந்ததாம், துளையிடும்போது விடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

"பாத்தியாம்மா? நல்லதெல்லாம் மேல வந்துடுச்சு. எது மோசமோ அது மட்டும் வரல."

ஒரே ஒரு பெட்டியில், இடைவெளியின் ஓரத்தில், அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு விரற்கடை கனம், உள்ளங்கை அளவு. பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். ஒரு பக்கம் வழவழவென்று, நீளவாக்கில் கீறல்களோடு இருந்தது. அக்கா ஓரத்தில் கிள்ளிப் பல்லில் வைத்தார். துப்பிவிட்டு, அதை மெல்லிய பிளாஸ்டிக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே பூச்சோங் வரைக்கும் வந்தார்.

வெறுமையான இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது அவை ஒரே கோட்டில் விழுந்தன. ஒரு பழைய நிலப்பிளவு. எந்தக் காலத்திலோ பாறை அங்கே உடைந்து, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகர்ந்து, உரசிய இடம் அரைபட்டு, அந்தத் தூளில் தண்ணீர் இறங்கிக் களிமண்ணாகியிருந்தது. அந்தத் தளம் சாலையைப் பார்த்துச் சரிந்திருந்தது. மேலேயும் கீழேயும் எவ்வளவு உறுதியான பாறை இருந்தாலும் பயனில்லை. குன்று நிற்குமா, சரியுமா என்பது அந்த ஒரு விரற்கடைக் களிமண்ணின் கையில் இருந்தது.

அக்கா பத்து நாள் அதை ஓட்டினார். முதல் இழுப்பில் இருபத்திரண்டு டிகிரி வந்தது. கடைசியில் ஒன்பதில் போய் நின்றது. பாறை ஏற்கெனவே வழுக்கிய தளம் அது என்பதால் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்பதைத்தான். இருபத்திரண்டு என்றால் என் கணக்கில் குன்று நின்றது. ஒன்பது என்றால் நிற்கவில்லை. சாலையை நகர்த்த வேண்டும், இரண்டு கட்டிடங்களை எடுத்துவிட வேண்டும்.

எங்கள் டைரக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கத்துகிற மனிதர் அல்ல அவர்.

"நாப்பது ஹோல்ல ஒரே ஒரு சாம்பிள்லா. அதுவும் இவ்ளோண்டு. டிரில்லிங்ல தண்ணி பட்டிருக்கு, லேப்ல பெட்டிக்குத் தகுந்தாப்ல வெட்டறப்ப கத்தி பட்டிருக்கு. முதல் ரீடிங் ஓகேதானே? அதுக்கப்புறம் வந்தது சாம்பிள் கலைஞ்சதால வந்தது. அப்படி எழுதிடலாம். ஆமா, உங்க பெர்மிட் இந்த மாசம்தானே ரினியூவல்?"

கடைசிக் கேள்வியை அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். மிரட்டல் என்று இன்றுகூட என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நான் பயந்தேன். அப்பாவின் மருந்து, தங்கையின் படிப்பு எல்லாம் என் சம்பளத்தில்தான் நடந்தன. அன்று மாலையே எழுதினேன். 'ஆய்வகத்தில் தயார் செய்யும்போது மாதிரி கலைந்திருக்கக்கூடும். எனவே முதல் அளவீடு மட்டுமே ஏற்கப்பட்டது.' சோதனை செய்தவர் பெயர் என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். விதிப்படி அது இருக்க வேண்டும்.

அந்த வரி அவருக்கு என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்க முயன்றேன் என்பதுதான் சரி. மாதிரி கலைந்தது என்றால் கலைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் அல்லவா? தரக் கட்டுப்பாட்டிலிருந்து ஒரு படிவம் வந்தது. தவறு செய்ததாக ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதம் இயந்திரத்தைத் தொடக்கூடாது, மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும்.

படிவத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

"மிஸ், நான் கலைச்சிட்டேனா?"

எத்தனையோ நாளுக்குப் பிறகு மறுபடி மிஸ்.

"அது ஒரு ஃபார்மாலிட்டிதாங்க்கா. பெரிசா எடுத்துக்காதீங்க. கலைஞ்சிருக்கலாம்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான்."

அவர் போகவில்லை. படிவத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே நின்றார். அந்த இரண்டாவது கேள்வி வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். எனக்காகத்தான் அந்த இடைவெளியைக் கொடுக்கிறார் என்பதும் தெரியும்.

"நான் கலைச்சிட்டேனா?"

"கலைஞ்சிருக்கலாம்க்கா" என்றேன்.

தலையை ஆட்டினார். படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை, வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள் பித்தளைப் பெட்டியைக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் போட்டு, மறுபடி மாட்டினார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடமும், "வரேன் மிஸ்" என்றார்.

என் பெர்மிட் வந்தது. வீடுகளும் வந்தன. நான் பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறினேன். நல்ல மழை பெய்யும் நாட்களில் ரவாங் பக்கம் போகும் வேலையை வேறு யாருக்காவது தள்ளிவிடுவேன்.

வீடுகள் வந்த நாலாவது வருட மழையில் குன்று நகர்ந்தது. ஒரு காலை நேரத்தில் சாலையோரச் சுவர் வயிறு தள்ளியதைப் பார்த்த ஒரு காவலாளி, கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் வெளியே வரவைத்தார். சுவரும் சாலையும் போயின. கீழ்வரிசை வீடுகளில் மண் புகுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கடைசியாக ஓடிய அந்த நேபாளக் காவலாளியின் கால் நசுங்கிப் போனது. பல குடும்பங்கள் சமூக மண்டபத்தில் பாய்போட்டுப் படுத்தன.

நான் போய்ப் பார்த்தேன். மண் வழுக்கிப் போன இடத்தில் பாறை பெயர்ந்து அந்தத் தளம் திறந்து கிடந்தது. பச்சையும் சாம்பலுமாக, மழைத்தண்ணீரில் பளபளத்துக்கொண்டு.

விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டது. அந்த மாதிரியை ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்டார்கள். மாதிரி கலையவில்லை, கலைந்ததற்கான எந்த அடையாளமும் என்னிடம் இல்லை, அந்த வரியை நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். யாருக்கும் என்னை இரண்டாவது முறை கேட்கவேண்டி வரவில்லை. என் மேல் நடவடிக்கை வந்தது. இன்றும் எந்த ரிப்போர்ட்டிலும் நான் கையெழுத்துப் போட முடியாது. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. சோதனையில் டெக்னீஷியனின் தவறு எதுவும் இல்லை என்று குழுவிடமிருந்து ஒரு கடிதம் கேட்டு வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன்.

அவர் ஒரு டோபி கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். பெரிய பெரிய சலவை இயந்திரங்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அப்பா எப்படி இருக்காரு?" என்றார். நன்றாக இருக்கிறார் என்றேன். நான் பதில் சொன்னதும் துணி மடிக்கத் திரும்பிவிட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டைரக்டர் சொன்னது, பெர்மிட், பயம், விசாரணை. மன்னிச்சிடுங்கக்கா என்றேன். அவர் ஒரு போர்வையின் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து, மடித்து, மேஜையில் வைத்துத் தட்டினார்.

"கோவம்லாம் இல்ல மிஸ். ஒண்ணு மட்டும் சொல்றேன். வேலைய விட்டப்ப எனக்கு நல்லாத் தெரியும், நான் கலைக்கலன்னு. அப்புறம் தெனமும் நெனச்சுப் பாப்பேன். பிளாஸ்டிக்க பிரிச்சது, கத்திய வச்சது, பெட்டிக்குள்ள எறக்கினது. தெனமும். ஒரு வருசம் போனதுக்கப்புறம், கத்தி லேசா அசைஞ்ச மாதிரி தோணுச்சு. அப்புறம் அசைஞ்சதே ஞாபகம் வந்துடுச்சு. எந்தக் கை, எந்தப் பக்கம்னு கூட. குன்னு விழுந்த செய்திய டிவில பாத்தப்பகூட, நாமதான் ஒழுங்கா செய்யல, ஒழுங்கா செஞ்சிருந்தா நம்பியிருப்பாங்கன்னுதான் நெனச்சேன்."

"அசையலக்கா" என்றேன். "சத்தியமா அசையல." அவர் கை அசையாததை நான் எப்படிச் சத்தியம் செய்ய முடியும்? நான் அன்று அந்த அறையிலேயே இல்லை. அசையவில்லை என்று அறிந்திருந்த ஒரே ஆள் அவர்தான். அவரிடமிருந்து அதை நான் எடுத்துவிட்டேன்.

கடிதத்தை நீட்டினேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே கடைசி வரிவரை படித்தார். உறையில் போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இங்க வச்சா ஈரமாயிடும். நீங்களே வச்சுக்கோங்க."

நம் பழைய கூடத்தில் இப்போது வேறு நிர்வாகம், உங்களை நிச்சயம் சேர்த்துக்கொள்வார்கள், நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இந்த வேலையில ஒரு நல்லது மிஸ். சரியா வரலன்னா திரும்பத் தொவச்சிக்கலாம்."

ஓர் இயந்திரம் நின்று, மணி அடித்தது. அவர் போய் அதன் கதவைத் திறந்து, ஈரத்துணியைக் கைநிறைய அள்ளிக் கூடையில் போட ஆரம்பித்தார். நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெளியே வந்தேன்.